மாமனாரோடு மோட்டார் வாங்கப் போகிற மகனுக்கு

கண்ணு,

வண்டன்மேட்டிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. ஏலக்காய் நல்ல விலைக்குப் போனது, மருமகள் சுகமாக இருக்கிறாள், மழை விட்டுவிட்டது, எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டோம். அதற்குக் கீழே, ஏதோ உப்பு புளி வாங்குகிற சங்கதி போல, ‘கோயமுத்தூரில் ஒரு புது மோட்டார் வாங்கலாமென்று இருக்கிறேன். விலை பேச மாமா கூட வருகிறார். அவர் வந்தால் எப்படியும் முந்நூறு ரூபாயாவது குறைத்துவிடுவார். இவளும் எங்களோடு வருகிறாள். வண்டி எடுத்ததும் நம் ஊருக்கு வந்து உங்களுக்குக் காட்டிவிட்டுப் போகிறோம்’ என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதை வாய்விட்டுப் படித்து, “பையன் பொழைச்சுக்குவான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை வாங்கி நானே இன்னொரு தரம் படித்தேன். காட்டிவிட்டுப் போகிறோமாம். ஒறம்பரைக்கு வந்த விருந்தாளிகள் தலையைக் காட்டிவிட்டுப் போகிற மாதிரி.

உனக்குக் கல்யாணமாகி அந்த மலைக்குப் போன பிறகு உன் கடிதங்களில் மாமனார் எத்தனை இடத்தில் வருகிறார் என்று நான் கவனிக்காமல் இல்லை. மாமா நிழல் மரத்தைக் கழிக்கச் சொன்னார். மாமா நாய் வளர்க்கச் சொன்னார். மாமா கொடுத்த கஷாயத்தில் காய்ச்சல் நின்றுவிட்டது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஏலக்காடு அவருக்குத் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியாது. ஆனால் மோட்டாருக்கு விலை பேசுவது எனக்குத் தெரிந்த விஷயம். நம் பெருமாட்டிப் பக்கத்தில் அதை அறியாதவர்கள் கிடையாது. நீ எப்படி மறந்தாய்? அம்மாவுக்குப் பொறாமை என்று மருமகளிடம் சொல்லிச் சிரிப்பாய். சிரித்துக்கொள். பொறாமைதான். நீ சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்ல அவருக்குக் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை. போதாததற்கு மோட்டாரும் அவர் வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

இந்தப் பொறாமை எனக்குப் புதிதல்ல. நம் வீட்டுக்கு முதல் மோட்டார் வந்ததே இதனால்தான். நீ அப்போது சிறு பையன். உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை இப்போது சொல்கிறேன்.

உன் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்ட பிறகும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னை வரிசைதான் இருந்தது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. உன்னைக் கண்டால் அவளுக்கு உயிர். அதுவரை அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வாய்க்கால் வரைக்கும் நடப்பாள், எனக்கும் கை ஓயும். பிறகு பெரியப்பா கோயமுத்தூர் போய் ஒரு கறுப்பு மோட்டார் வாங்கி வந்தார். நம் பக்கத்தில் அதுதான் முதல் வண்டி. சனங்கள் களத்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். அடுத்த நாள் காலையில் நீ பள்ளிக்கூடம் போக நம் வில்வண்டியில் ஏறவில்லை. தென்னை வரிசையைத் தாண்டி ஓடினாய்.

சித்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் வண்டியில் போனாய், அவர்கள் வண்டியில் வந்தாய். பெரியம்மா கூடவே வருவாள். ஹாரனின் ரப்பர் பந்தை உன் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வாள். நம் வீட்டுக்கு நீ வரும்போது வயிறு நிறைந்திருக்கும், சட்டையில் பெட்ரோல் வாசம் அடிக்கும். நான் எடுத்து வைத்த பலகாரம் அப்படியே இருக்கும். ஒரு நாள் உன் தலையை வாரிவிட்டுக் கொண்டிருந்தேன். “நான் பெரியம்மா ஊட்டுலயே இருந்துக்கறேம்மா. அங்கிருந்து போனா நேரமே போயிரலாம்” என்றாய். சீப்பு என் கையில் நின்றுவிட்டது. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அது சாதாரணமாக இல்லை.

அந்த மாதமே என் நாத்தனார் வந்திருந்தபோது சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னாள்: “பெரியண்ணன் உங்க பையனைத் தத்து எடுத்துக்கலாம்னு நெனைக்கறாராம். சின்னண்ணன்கிட்டக் கேட்டாச்சாமா. உங்ககிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலியா?” நான் உன் அப்பாவிடம் போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் உண்மை என்று தெரிந்துவிட்டது. “அண்ணனுக்கு ஆரு இருக்கறா புள்ள? பக்கத்து ஊடுதானே. பையன் எங்க போயிறப் போறான்?” என்றார். உன் அப்பாவுக்கு யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. கேட்டது எருவாக இருந்தாலும் சரி, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி. நான் அழவில்லை. “நம்ம ஊட்டுக்கும் ஒரு மோட்டார் வேணுமுங்க” என்று மட்டும் சொன்னேன். கிணற்றை ஆழப்படுத்த வைத்திருந்த பணம் இருந்தது. அவர் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் அப்பா மாட்டுச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிப்போவார். பத்து ஜோடி மாட்டுக்கு நடுவில் தனக்குப் பிடித்த ஜோடியை அவர் ஒரு பார்வைதான் பார்ப்பார். பிறகு அந்தப் பக்கமே திரும்பமாட்டார். வேறு ஒரு மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு பிடித்த மாட்டின் விலையை வரவழைப்பார். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. விற்கிறவன் முகத்தைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். நீயும் கடைக்குள் நுழைந்ததும் அந்த வண்டியைத் தடவிப் பார்க்காதே. உனக்கு ஆசை வந்தால் காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தொப்பியைக் காதுவரை இறக்கிப் போட்டுக்கொண்டு போ.

பொள்ளாச்சி வரைக்கும் வில்வண்டியில் போய் அங்கே ரயிலேறினோம். உன் அப்பா வாய் திறக்கக் கூடாது என்று வழியிலேயே பேசி வைத்தேன். அவர் வாய் திறந்தால் ‘சரிங்க’ என்றுதான் வரும். ஆகையால் கடை வாசலில் இறங்கும்போதே நானே வெற்றிலை மடித்து அவர் வாய் நிறையக் கொடுத்துவிட்டேன். ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த கடை அது. பெரியப்பா வாங்கியதும் அங்கேதான். கடை முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஒருத்தி நிற்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அப்பாவை நடுவில் நிற்கும் கறுப்பு வண்டியிடம் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார், விளக்கை எரித்துக் காட்டினார். “மூவாயிரத்து எரநூறுங்க. ரயில் கூலி தனிங்க. இங்க ஒரே வெலைதானுங்க, பேரம் கெடையாதுங்க” என்றார். உன் அப்பா கன்னம் உப்ப என்னைப் பார்த்தார்.

மூலையில் அதே மாதிரி இன்னொரு வண்டி நின்றது. பச்சை நிறம். மேலே தூசி.

“அது ஏனுங்க அங்க நிக்குது?” என்றேன்.

முதலாளி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “அது பச்சைங்கம்மா. வாரவங்க எல்லாம் கறுப்புதான் கேக்கறாங்க.”

“ரெண்டும் ஒரே வண்டியா, வேற வேறயா?”

“ஒரே வண்டிதானுங்க. நெறந்தான் வேற.”

“ரெண்டும் சேந்துதான் ரயில்ல வந்துச்சுங்களா?”

“ஆமாங்க, ஒரே வேகன்ல.”

“அப்ப ரயில் கூலி ஒண்ணுதானே. கறுப்பை வாங்கறவங்ககிட்டப் பூராக் கூலியும் வாங்கிட்டீங்கன்னா பச்சை சும்மா வந்ததாகுதில்லீங்க?”

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். நான் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பெரிய கடைவீதிப் பக்கம் இன்னொரு கடை இருந்தது. அங்கே வேறு கம்பெனி வண்டி. அங்கே முதல் கடையின் விலையைச் சொல்லாமல், அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தோம் என்பதை மட்டும் சொன்னேன். அந்த மனுஷர் தாமாகவே இறங்கினார். மாற்றுச் சக்கரமும் பக்கத் திரையும் சும்மா தருகிறேன் என்றார். இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு கடை விலையை இன்னொரு கடையில் சொன்னால் அதற்குப் பத்து ரூபாய் கீழே நின்றுகொள்வார்கள். சொல்லாவிட்டால் எங்கே நிற்பது என்று தெரியாமல் கீழே கீழே போவார்கள். வாங்குகிறவன் வாயைவிட விற்கிறவன் பயம்தான் விலையைக் குறைக்கும். உன் மாமனார் நிறையப் பேசுகிற மனுஷர். கல்யாணத்தில் பார்த்தேனே, பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுந்திருக்க விடவில்லை.

மறுபடி ரயிலடிக் கடைக்கு வந்தோம். நான் பச்சை வண்டியைக் கேட்டேன். முதலாளி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். ஒரு கட்டத்தில் அவருக்குத் தாங்கவில்லை. “இப்படிக் கேட்டா நான் கடைய மூடீட்டுப் போக வேண்டியதுதானுங்கம்மா. உங்க பெருமாட்டிப் பக்கத்துல இருந்து ஒரு பெரிய ஊட்டுக்காரரு வந்தாருங்க. இதே வண்டிதான், கறுப்பு. ஊட்டம்மாவையும் கூட்டியாந்திருந்தாரு. சொன்ன மூவாயிரத்து எரநூறையும் குடுத்து, ரயில் கூலியும் தனியாக் குடுத்து, ஒரு பேச்சுப் பேசாம எடுத்துட்டுப் போனாரு. அவரு மனுஷன்!” என்றார்.

என் மனசுக்குள் என்ன நடந்தது என்று உனக்கு எழுதக் கூச்சமாக இல்லை. தேன் குடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் இன்னும் இறங்கவைத்தேன். இரண்டாயிரத்து அறுநூறுக்கு முடிந்தது. ரயில் கூலி இல்லை. மாற்றுச் சக்கரம், பக்கத் திரை, ஒரு டின் பெட்ரோல், உன் அப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு டிரைவர். உன் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு முதல் வார்த்தையாக “சரிங்க” என்றார்.

வண்டி ஊருக்குள் வந்ததும் இரண்டு வீட்டு ஆள்களும் பண்ணையத்து ஆள்களும் கூடிவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்து நல்ல மனசோடுதான் கேட்டார், “நல்லாருக்குது. என்ன வெலைக்குத் தந்தான்?” உன் அப்பா எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தார். நான் சொன்னேன். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அதோடு விடவில்லை. “உங்ககிட்ட மூவாயிரத்து எரநூறோட ரயில் கூலியும் சேத்து வாங்கிட்டானாமா. ஒரு பேச்சுப் பேசலீன்னு கடைக்காரனே சிரிச்சான்” என்றேன். கடைக்காரன் சிரிக்கவில்லை. அதை நான் சேர்த்துக்கொண்டேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பெரியம்மா மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். பச்சைக் கதவைத் தொட்டுப் பார்த்து, “நல்ல வெலை அம்மிணி. உனக்குச் சாமர்த்தியம் இருக்குது” என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனாள். அவள் திருப்பி நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த நாளிலிருந்து பெரியப்பா கறுப்பு வண்டியை எடுக்கவில்லை. களத்துக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். வெளியே எடுத்தால் பார்க்கிறவன் எல்லாம் விலையை நினைப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. தத்துப் பேச்சும் அதோடு அடங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றிருந்தேன். காலையில் உனக்குப் பொட்டு வைத்து, சட்டையை நீவிவிட்டுப் பச்சை வண்டிப் பக்கம் அழைத்துப்போனேன். நீ ஏறவில்லை. “இதுல பெரியம்மா வரல. நான் ஏற மாட்டேன்” என்றாய். தூக்கி உள்ளே வைத்தேன், மறு பக்கக் கதவு வழியாக இறங்கி ஓடினாய். எங்கே ஓடினாய் என்று பார்க்க நானே பின்னால் வந்தேன். கொட்டகையில் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு, ஓடாத அந்தக் கறுப்பு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் பெரியம்மா. நீ ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாய். அவள் “சித்தூரு வந்தாச்சு, எறங்கு சாமி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே உங்கள் இரண்டு பேருக்கும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வாசலில் நல்ல வண்டி நின்றது, ஏற ஆளில்லை.

சில நாள் வீம்பாக இருந்தேன். நீ பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாய், கூடப் பண்ணையத்து ஆள் வந்தான். வெயிலில் உன் முகம் கறுத்துப் போனது. கடைசியில் ஒரு காலையில் தென்னை வரிசையைத் தாண்டி நானே போனேன். பெரியம்மா நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். “அக்கா, பையன் ஏற மாட்டேங்கறான். நீங்க வந்தாத்தான் ஏறுவானாம். வாங்க” என்றேன். அவள் என்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “சித்தெ இரு, சீலை மாத்தீட்டு வந்தர்றேன்” என்றாள். அவளும் நீயும் பின்னால் உட்கார்ந்தீர்கள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். சித்தூர் வரைக்கும் நீ சிரித்த சிரிப்பை நான் முதுகால் கேட்டுக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று ரோட்டையே பார்த்தேன். அன்றைக்கும் பொறாமைதான். ஆனால் நீ என் வண்டியில் இருந்தாய்.

பெரியப்பா அந்தக் கறுப்பு வண்டியைப் பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டார். நம் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வராமல் இருக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. ஆனால் காலமாகும்வரை அவர் நம் பச்சை வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அது உனக்கும் தெரியும்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதை எடுத்துக்கொண்டு நான் நேராகப் பெரியம்மாவிடம்தான் போனேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான் படித்துக் காட்டினேன். ‘விலை பேச மாமா கூட வருகிறார்’ என்ற இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

“ஆரு, அந்த ஏலக்காட்டுக்காரரா? அவருக்கு மோட்டாரு வெலையப் பத்தி என்ன தெரியும்?”

“அதைத்தானுங்க அக்கா நானும் கேக்கறேன்.”

“பையன் உன்னைக் கூப்பிடலியா?”

“கூப்பிடலீங்க.”

“என்னையும் கேக்கலியே” என்றாள் பெரியம்மா. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணு, இத்தனை வருஷம் நான் அவள் மேல் பட்ட பொறாமை இருக்கிறதே, அதே பொறாமை அவள் முகத்தில் உன் மாமனார் மேல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அவளோடு கூடப் பிறந்தவள் மாதிரி அன்றைக்குத்தான் முதன் முதலில் இருந்தேன்.

நாங்கள் இருவரும் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய் வந்தோம். நீ கடிதத்தில் கம்பெனி பேர் போட்டு எழுதியிருந்த வண்டி அதே ரயிலடிக் கடையில்தான் இருக்கிறது. முதலாளிக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “அம்மா, நீங்களா!” என்று கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். பெரியம்மா கதவை மூடச் சொல்லி, திறக்கச் சொல்லி, மறுபடி மூடச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டாள். ஒரு கதவு கொஞ்சம் லொடலொடத்தது. அவள் கண்ணால் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது. அதை வைத்தே நான் ஐம்பது குறைத்தேன். மூவாயிரத்து நானூறு என்று ஆரம்பித்தவரை மூவாயிரத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன். கதவை அவர்களே சரி செய்து தர வேண்டும், மாற்றுச் சக்கரம் சும்மா. உன் மாமனார் சொன்ன முந்நூறைத் தாண்டியாகிவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே உனக்குத் தந்தி கொடுக்க வேண்டும் போல் இருந்தது. அச்சாரம் கொடுக்க மடியிலிருந்து பணத்தை எடுத்தேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “குடு. ஆனா நீ பேசி முடிச்சேன்னு அங்க ஆருக்கும் தெரியக் கூடாது.”

“ஏனுங்க அக்கா?”

“அன்னைக்கு இதே கடையில நான் பையனோட பெரியப்பாகூட நின்னேன். நான் பக்கத்துல நிக்கறப்ப வெலையக் கொறைச்சுக் கேட்டா என்னைக் கொறைச்ச மாதிரின்னு நெனைச்சுட்டாரு அவரு. அதனாலதான் பேசாம எண்ணிக் குடுத்தாரு. ஊருக்கு வந்தப்ப அதுவே ஏமாளித்தனமாப் போச்சு. நம்ம மருமக அவ அப்பன்கூட வந்து இங்க நிப்பா. அவ முன்னால அந்த மனுஷனுக்கு அப்படி ஆகக் கூடாது அம்மிணி.”

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் அப்படித்தான். எனக்கு அப்போதும் அந்தப் பணத்தை மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, உன் மாமனார் மூவாயிரத்து நானூறு கொடுக்கட்டும் என்று ரயிலேறிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. மறைக்கவில்லை. ஆனால் கொடுக்க வேண்டியது நீ அல்லவா. முதலாளியிடம் அச்சாரத்தைக் கொடுத்து, பெரியம்மா சொன்னதையே நான் சொன்னேன்: இன்ன மலையிலிருந்து இன்னார் வருவார், கூடப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருவார்கள். அவர் பேசுகிறபடி பேசட்டும். நீங்கள் ஒரேயடியாக இறங்கிவிடாமல், முறுக்கி முறுக்கி இந்த விலைக்கு வந்து நில்லுங்கள்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “வெலையும் கொறைக்கணும், அவருகிட்டத் தோத்த மாதிரியும் நிக்கணுமுங்களா? இது என்ன வியாபாரமுங்கம்மா?”

“சம்மந்தி வியாபாரமுங்க” என்றாள் பெரியம்மா.

ஆகவே, கண்ணு, நீ உன் மாமனாரையே கூட்டிக்கொண்டு அந்த ரயிலடிக் கடைக்கே போ. மருமகளை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பேச்சை அவர் ஆரம்பிக்கட்டும், நீ நடுவில் புகாதே. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொள்வார், கடையை மூட வேண்டியதுதான் என்பார், எழுந்து உள்ளே போய்த் திரும்பி வருவார். எல்லாவற்றையும் நம்புகிற மாதிரி இரு. விலை முடிந்ததும் மருமகள் தன் அப்பாவைப் பார்க்கிற பார்வையைப் பார்த்துக்கொள். நாளைக்கு உனக்கொரு பெண் பிறந்தால் அப்படி ஒரு பார்வைக்கு நீ எவ்வளவும் கொடுப்பாய். லொடலொடத்த கதவை மட்டும் மறக்காமல் மூடிப் பார்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று பெரியம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு மனசு பெரிது. செய்தது யாருக்கும் தெரியாமலே இருக்கட்டும் என்று அவளால் இருக்க முடிகிறது. எனக்கு முடியவில்லை. ஒருத்தனுக்காவது தெரிய வேண்டும், அது நீயாக இருக்க வேண்டும். புது வண்டியில் எல்லோரும் நம் வீட்டுக்கு வருவீர்கள். உன் மாமனார் சாப்பிட உட்கார்ந்து, கடைக்காரனைத் தான் மடக்கிய கதையை விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். பெரியம்மா ‘அப்படீங்களா’ என்று கேட்டுக்கொள்வாள். உன் அப்பா வழக்கம்போல் ‘சரிங்க, சரிங்க’ என்பார். நான் அவர் இலையில் நெய்யை ஊற்றி, “பரவாயில்லீங்களே சம்மந்தி, நானா இருந்தா இந்த வெலைக்கு வாங்கியிருக்க மாட்டேனுங்க” என்று சொல்வேன். சொல்லிவிடுவேன், பயப்படாதே. அந்த நேரம் நீ இலையையே பார்த்துக்கொண்டு சாப்பிடாதே. ஒரு தரம் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்.

உன் அம்மா